நாள் முழுக்க உட்கார்ந்தும் வேலை நகரவில்லை

இரவுக்கோழி:
காலை ஒன்பது மணிக்கு லேப்டாப்பைத் திறக்கிறேன், மெயில், வாட்ஸ்அப், யாரோ கேட்ட ஒரு ஃபைல் என்று ஓடி, நிமிர்ந்து பார்த்தால் மணி ஐந்து. ஆய்வேட்டில் ஒரே ஒரு பத்தி, அதையும் மூன்று தடவை அழித்து எழுதியிருக்கிறேன். சோம்பேறித்தனம் இல்லை, சத்தியமாக. நீங்களெல்லாம் எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

கடிகாரமுள்:
பொமொடோரோ முறையைப் பாருங்கள். 1980களின் கடைசியில் ஃபிரான்செஸ்கோ சிரில்லோ என்ற இத்தாலிய மாணவர் தக்காளி வடிவ டைமர் ஒன்றை வைத்து ஆரம்பித்தது. 25 நிமிடம் வேலை, 5 நிமிடம் ஓய்வு.

சும்மாஒருவன்:
எனக்கு அது ஒத்துவரவில்லை, எழுத்து சூடுபிடிக்கும்போதுதான் மணி அடிக்கும். உங்கள் சிக்கல் நேரமல்ல, ஒரு வேலையிலிருந்து இன்னொன்றுக்குத் தாவுவது. வேலையை முடிக்காமல் இன்னொன்றுக்குப் போனால் மனதில் கொஞ்சம் பழையதிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும் என்று சோஃபி லெராய் என்ற ஆய்வாளர் 2009இல் ஆய்வுக் கட்டுரையே எழுதியிருக்கிறார். நான் காலையில் முதல் இரண்டு மணி நேரம் மெயிலையே திறப்பதில்லை, ஃபோன் அடுத்த அறையில் கிடக்கும். நடுவில் எழுந்தே ஆக வேண்டுமென்றால், அடுத்து என்ன எழுதப்போகிறேன் என்று ஒரு துண்டுச் சீட்டில் கிறுக்கிக் கீபோர்டு மேலேயே வைத்துவிட்டுப் போவேன். திரும்பி வந்ததும் முழித்துக்கொண்டு உட்கார வேண்டியதில்லை.

இரவுக்கோழி:
ஃபோன் அடுத்த அறையிலா! சரி, சீட்டு யோசனை பிடித்திருக்கிறது. கைடு கூப்பிட்டால்?

சும்மாஒருவன்:
ரிங் கேட்கும் தூரத்தில் வையுங்கள், நோட்டிஃபிகேஷனை மட்டும் அணைத்துவிட்டு.