டொராண்டோ வெள்ளைக் கழுகுகள்: செர்பியர் கிளப்பா, யூகோஸ்லாவியர் கிளப்பா?

எட்டோபிக்கோ பாலன்:
மற்றத் திரியில மூலைக்கொடி எழுதினதை வாசிச்சுப் போட்டுக் குடிச்ச தேத்தண்ணி இறங்கேல்ல. டொராண்டோ செர்பியன் ஒயிட் ஈகிள்ஸ் (வெள்ளைக் கழுகுகள்) உதைபந்தாட்ட கிளப் 'யூகோஸ்லாவியர் தொடங்கின கிளப், நாடு உடைஞ்ச பிறகுதான் செர்பியர் ஆனார்கள்' எண்டு எழுதியிருக்கிறார். கிளப் தொடங்கினது 1968. செர்பியா, குரோஷியா எல்லாம் அடங்கின யூகோஸ்லாவியா உடையத் தொடங்கினது 1991. எழுபதுகளில நேஷனல் சாக்கர் லீக்கில விளையாடேக்கயே பேர் செர்பியன்தான். சாத்திரம் பாத்தோ பேர் வைச்சவை?

மூலைக்கொடி:
வாங்க பாலன், உங்களைத்தான் தேடிட்டிருந்தேன். ஒரே கேள்வி. அவங்க டொராண்டோல வந்து இறங்கினப்ப பாஸ்போர்ட்ல என்ன நாடு? யூகோஸ்லாவியா. செர்பியான்னு தனி நாடே அன்னிக்குக் கிடையாது. சுபம்.

தேனி செந்தில்:
இது அமெச்சூர் கிளப்பா, செமி ப்ரொஃபஷனலா? அதை முதல்ல முடிவு பண்ணுங்கப்பா.

நடுவர் விசில்:
மூலைக்கொடி சார், வந்தவங்க எல்லாரும் ஒரே கப்பல்ல வரலை. ரெண்டாம் உலகப் போர் முடிஞ்சு, யூகோஸ்லாவிய கம்யூனிஸ்ட் தலைவர் டிட்டோ ஆட்சிக்குத் திரும்ப மாட்டோம்னு அகதி முகாம்ல கிடந்து வந்த மன்னர் ஆதரவாளர்கள் ஒரு கூட்டம். அவங்ககிட்ட ஏது யூகோஸ்லாவிய பாஸ்போர்ட்? அறுபதுகள் நடுவில டிட்டோ கதவைத் திறந்துவிட்ட பிறகு வேலை தேடி வந்தது இன்னொரு கூட்டம். இவங்களுக்குள்ளயே ஆகாது. 1963ல அமெரிக்கா, கனடால இருந்த செர்பிய ஆர்த்தடாக்ஸ் சபையே ரெண்டா உடைஞ்சு, 1992ல தான் சமாதானம் ஆச்சு.

மூலைக்கொடி:
வகுப்பு நல்லாருக்கு, வாத்தியாரே. ரெண்டாவது கூட்டத்தோட பாஸ்போர்ட்?

எட்டோபிக்கோ பாலன்:
குரோஷியர்களின்ர கிளப் டொராண்டோ குரோஷியா 1956இல தொடங்கினது. அவையிலும் கனபேர் அதே பாஸ்போர்ட்தான். போய் முகத்துக்கு நேர 'நீங்கள் யூகோஸ்லாவியர்' எண்டு சொல்லிப் பாரும், பல்லு மிஞ்சினா வந்து எழுதும். நான் வரேக்க என்ர பாஸ்போர்ட்டில 'ஸ்ரீலங்கா'. அதுக்காக நாங்கள் தொடங்கின தமிழ் கிளப் தமிழ் கிளப் இல்லையோ?

மூலைக்கொடி:
உணர்ச்சிவசப்படாதீங்க. பாஸ்போர்ட்ல யூகோஸ்லாவியா. ஆமாவா இல்லையா?

தேனி செந்தில்:
குரோஷியான்னதும் ஞாபகம் வருது. 1976ல டொராண்டோ மெட்ரோஸ்-குரோஷியா டீம் போர்ச்சுகல் ஸ்டார் யுசேபியோவை வச்சு இறுதியில மினசோட்டாவை 3-0ன்னு அடிச்சு வட அமெரிக்க லீக்கையே ஜெயிச்சுது. கழுகுகள் என்னத்தைக் கிழிச்சாங்க?

பழைய பந்து:
தம்பி, ஷெகுலாராட்ஸ் பேர் கேள்விப்பட்டிருக்கியா? ரெட் ஸ்டார் பெல்கிரேடு ஆளு. 1960 ஐரோப்பிய நாடுகள் கோப்பை இறுதிப்போட்டி ஆடினவர், நடுவரை அடிச்சுட்டு ஒன்றரை வருஷம் தடை வாங்கினவர். 2006ல கழுகுகளுக்குக் கோச்சா வந்தார். 2007 லீக் இறுதியில டொராண்டோ குரோஷியாகிட்ட தோத்தது நெசம். அடுத்த வருஷமே கோப்பையைத் தூக்கினாங்க.

மூலைக்கொடி:
ஷெகுலாராட்ஸ் 1960ல எந்த நாட்டுச் சட்டையில ஆடினார்? யூ-கோ-ஸ்லா-வி-யா. நன்றி பெரியவரே, என் கேஸை நீங்களே வாதாடிட்டீங்க.

பழைய பந்து:
2018 உலகக் கோப்பையில 'குரோஷியா முதல் சுற்றுலயே வெளியே'ன்னு எழுதின ஆளுகிட்ட எனக்கு என்ன பேச்சு? அவங்க இறுதிப்போட்டி வரைக்கும் போனாங்க. அந்தத் திரி இன்னும் அப்படியே கிடக்கு.

மூலைக்கொடி:
அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்? அப்ப மெஸ்ஸி பெனால்டியைத் தவறவிடுவார்னு யாருக்குத் தெரியும்?

நடுவர் விசில்:
சார், அது ஐஸ்லாந்தோட ஆடின மேட்ச். குரோஷியாகிட்ட அர்ஜென்டினா வாங்கினது 3-0.

மூலைக்கொடி:
எல்லாம் ஒரே குரூப்தானே! பேச்சை மாத்தாதீங்க. பாஸ்போர்ட்.

எட்டோபிக்கோ பாலன்:
சென்டெனியல் பார்க்கில ஒருக்கா மேட்ச் பாக்கப் போனனான். கம்பிக்கரையில செவாப்பி எண்ட கொத்திறைச்சி உருளை வாட்டுற புகை. மடக்குக் கதிரையோட வந்த கிழவர் ஒருத்தர் பாணுக்குள்ள இறைச்சியும் பச்சை வெங்காயமும் வைச்சு என்ர கையில திணிச்சார். சட்டையில ரெண்டு தலை வெள்ளைக் கழுகு. டிட்டோவின்ர யூகோஸ்லாவியாவின்ர சின்னத்தில இருந்தது தீப்பந்தம். கழுகை எங்கயிருந்து எடுத்தவை, சொல்லும் பாப்பம்?

மூலைக்கொடி:
ஓசிச் சாப்பாடு தந்ததால செர்பியர்! அருமையான ஆய்வு. அந்தக் கிழவர் பாஸ்போர்ட்டைப் பாத்தீங்களா?

தேனி செந்தில்:
ரெண்டு தலைக் கழுகு அல்பேனியாவோடது இல்லையா? 2018ல சுவிட்சர்லாந்துக்கு ஆடின அல்பேனிய வம்சாவளி ஷாகா, ஷகீரி ரெண்டு பேரும் செர்பியாவுக்கு எதிரா கோல் அடிச்சுட்டுக் கையால காட்டினாங்களே.

பழைய பந்து:
அது கறுப்பு, இது வெள்ளை. கண்ணாடி போடு.

கூடுதுறையான்:
முழுசாப் படிக்கலை. கழுகுன்னு சொல்றீங்களே, எங்க ஊர்ல கோழிக்குஞ்சைத் தூக்குமே அதுவா? அது பருந்து.

தேனி செந்தில்:
பருந்து வேற, கழுகு வேற. சின்னப்பையன்கூட சொல்லுவான்.

கூடுதுறையான்:
சின்னப்பையன்னு யாரைச் சொல்றே?