ஒரே மாதிரி இரண்டு கார், நடுவில் ஒரு நத்தை ஓடு

நங்கநல்லூர்வாசி

2024 ஜூனில் நடந்தது. இன்னும் ஜீரணம் ஆகவில்லை.

இரண்டும் மெர்சிடிஸ் ஈ 220டி. இரண்டும் 2018, இரண்டும் வெள்ளை, பின்சீட்டில் காலை நீட்டிக்கொள்ளலாமே, அந்த நீள மாடல். ஒன்று வேளச்சேரி பக்கம் ஒரு டீலர் யார்டில்: 41,000 கிலோமீட்டர், ஒரே ஓனர், 33 லட்சம். இன்னொன்று நீலாங்கரையில் ஓனர் வீட்டிலேயே: 84,000 கிலோமீட்டர், 34.5 லட்சம். எந்தப் பைத்தியக்காரன் இரண்டாவதை எடுப்பான்? நான் எடுத்தேன்.

டீலர் வண்டியை மச்சானோடு போய்ப் பார்த்தேன். பெயின்ட், சீட் எல்லாம் பளபள. சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பார்த்தேன், சுத்தம். கார்ப்பெட்டைக் குனிந்து முகர்ந்தேன், எலுமிச்சை வாசனை. (அது கொஞ்சம் தூக்கலாகவே இருந்தது.) கடைசியில் டிக்கி. தரைத் தட்டைத் தூக்கி, ஓரக் குழியில் கையை விட்டேன். விரலில் ஏதோ கூழாங்கல் மாதிரி உருண்டது. எடுத்துப் பார்த்தால் நத்தை ஓடு. சுண்டுவிரல் நகம் அளவு. வாய்க்குள் காய்ந்த களிமண்.

டீலர் பையன் எட்டிப் பார்த்தான். "ஓனர் பீச்சுக்குப் போயிருப்பார் சார், குழந்தை கிளிஞ்சல் பொறுக்கியிருக்கும்" என்றான். நான் வாயைத் திறக்கவில்லை. மிக்ஜாம் புயல் வெள்ளத்தில், 2023 டிசம்பர் 4 அன்று அந்தத் தெருக்கள் எப்படி இருந்தன என்று இங்கே யாருக்கும் சொல்லத் தேவையில்லை. மச்சான்தான் வெளியே வந்ததும், "மாமா, ஒரு நத்தைக்காக ஒன்றரை லட்சம் கூடவா?" என்றார்.

நீலாங்கரை வண்டி வீட்டுக்கு வந்த நான்காம் மாதம் ஏசி நின்றது. கண்டென்சரைக் கழற்றிக் காட்டினார்கள், கை வைத்தால் பொடியாக உதிர்கிறது. கடல் காற்று. பிரேக் டிஸ்க் ஓரமெல்லாம் துரு. மழைத் தண்ணீருக்குப் பயந்து உப்புக் காற்றிடம் போய் மாட்டியிருக்கிறேன். பில் கட்டும்போதெல்லாம் அந்த ஓடு ஞாபகம் வருகிறது. ஆமாம், அதைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். மேசை டிராயரில் கிடக்கிறது.

இப்படி இரண்டில் ஒன்றை எடுத்து, விட்டதை நினைத்துக்கொண்டே ஓட்டுகிறவர்கள் இருந்தால் எழுதுங்கள்.

மாடவீதி

எனக்கு பிஎம்டபிள்யூ 320டி-யா, பென்ஸ் சி 220டி-யா என்ற கேள்வி. இரண்டும் 2016. மனதுக்குள் பிஎம்டபிள்யூ என்று முடிவாகிவிட்டது. அப்பாவின் மூட்டு என்ன சொல்கிறது என்று மட்டும் பார்க்க வேண்டியிருந்தது. அவருக்கு 76, ஒரு முழங்கால் மாற்றியாயிற்று.

ஒரே ஞாயிற்றுக்கிழமை இரண்டையும் வீட்டு வாசலுக்கு வரவழைத்தேன். 320டி-யில் தொப்பென்று உட்கார்ந்துவிட்டார். இறங்கும்போது ஒரு கை கதவில், ஒரு கை என் தோளில். "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று தனக்குத்தானே எண்ணி எழுந்தார். சி கிளாஸிலும் அதே ஒண்ணு, ரெண்டு, மூணுதான். ஆனால் எழுந்து நின்று, "இது பரவாயில்லடா" என்றார். சரி, பென்ஸ்.

ஆறு மாதம் கழித்து அவராகவே சொன்னார்: "எங்க எம்.டி. பென்ஸ்லதான் வருவார். நாங்க எல்லாரும் எழுந்து நிப்போம்." உயரத்துக்கும் மூட்டுக்கும் அந்தப் பரவாயில்லைக்கும் சம்பந்தமே இல்லை!

இப்போதும் கபாலி கோயிலுக்கு அவர் ஆட்டோவில்தான் போகிறார். ஏறி இறங்க அதுதான் வசதியாம். 320டி-யின் ஸ்டியரிங் இன்னும் என் கையிலேயே இருக்கிறது.

டீசல் தாத்தா

நங்கநல்லூர் தம்பி, கோபிக்க வேண்டாம். நத்தை ஓடு ஒரு சாட்சியா? ஈ.சி.ஆர். நர்சரியில் பூந்தொட்டி வாங்கி டிக்கியில் ஏற்றியிருப்பார்கள். தொட்டியோடு நத்தை வரும், செத்துக் காய்ந்து ஓடு மட்டும் மிஞ்சும். என் வண்டியில் மண்புழுவே கிடைத்திருக்கிறது. நீங்கள் பார்த்திருக்க வேண்டியது இன்சூரன்ஸ் பாலிசியை. அதில் நோ கிளெய்ம் போனஸ், அதாவது கிளெய்ம் போடாததற்குத் தரும் தள்ளுபடி, எத்தனை சதவீதம்? 2024 பாலிசியில் பூஜ்யம் என்று இருந்தால் முந்தைய வருடம் கிளெய்ம் போயிருக்கிறது. 45, 50 என்று இருந்தால் வண்டி சுத்தம். ஒரு நிமிட வேலை.

என் கதை சின்னது. இரண்டு ஆடி கியூ5, ஒன்று டிஎன், நம் ஊர்ப் பதிவு; ஒன்று பிஒய், புதுச்சேரிப் பதிவு. மூன்று லட்சம் குறைவு என்று பிஒய்-யை எடுத்தேன். பேத்தி பிறந்தநாளுக்கு மாமல்லபுரம் போகும் வழியில் சோதனையில் நிறுத்திவிட்டார்கள். கேக் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு குழந்தை புளியமரத்தடியில் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். கிரீம் முழுக்க ஒரு பக்கமாகச் சரிந்துவிட்டது.

ஆகவே பிஒய் வண்டி பார்க்கிறவர்கள் நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள். வேறு மாநிலப் பதிவு வண்டியை இங்கே 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் மோட்டார் வாகனச் சட்டம் 47-ஆம் பிரிவின்படி புது நம்பர் வாங்க வேண்டும். அதற்கு முதலில் பழைய ஆர்டிஓ-விடம் தடையில்லாச் சான்று, அதாவது ஃபார்ம் 28. வண்டி மேல் கடன் இருந்திருந்தால் பேங்க் கையெழுத்துப் போட்ட ஃபார்ம் 35. பெயர் மாற்ற 29, 30. அப்புறம் நம் ஊர் ஆயுள் வரி. 2023 நவம்பரிலிருந்து 20 லட்சத்துக்கு மேற்பட்ட புது வண்டிக்கு 20 சதவீதம். பழைய வண்டிக்கு வயதைப் பொறுத்துக் குறையும், ஆனால் டீலர் காட்டும் தள்ளுபடியை அது அப்படியே விழுங்கிவிடும். அங்கே கட்டிய வரியில் மீதியைத் திரும்ப வாங்கலாம் என்பார்கள். வாங்கலாம், நடக்கத் தெம்பு வேண்டும். டெல்லி வண்டியும் இதே கதைதான். பத்து வருட டீசலை அங்கே ஓட்டக் கூடாது என்று வந்ததும் எல்லாம் தெற்கே இறங்கின. மலிவாக இருக்கிறதே என்று பாய வேண்டாம்.

ஷெட் குமார்

தாத்தா, வணக்கம். நோ கிளெய்ம் போனஸ் வண்டியோடு போவதில்லை, ஓனரோடு போகும். முதல் ஓனர் புது வண்டி வாங்கும்போது 50 சதவீதத்தையும் அதற்கு மாற்றிக்கொண்டிருப்பார். டீலர் பெயரில் புதுப் பாலிசி போட்டால் பூஜ்யத்தில்தான் தொடங்கும். அதனால் பூஜ்யம் என்றால் வெள்ளம் என்று சொல்ல முடியாது. 50 என்றாலும் சுத்தம் இல்லை, கிளெய்மே போடாமல் கைக்காசில் கழுவிக் காயவைத்து விற்றவர்கள் நிறைய. உங்கள் ஒரு நிமிட வேலை ஒரு நிமிடத்தில் முடியாது.

நான் பிஎம்டபிள்யூ, ஆடி பார்க்கிற சின்ன ஷெட். ஒரு வாடிக்கையாளருக்காக 2010 மாடல் 320டி இரண்டு பார்க்கப் போனேன். ஒன்று முகப்பேர், ஒன்று அடையாறு. முந்தின இரவே இரண்டு ஓனரிடமும், "காலையில் நான் வரும்வரை ஸ்டார்ட் பண்ணாதீங்க" என்று கெஞ்சிச் சொல்லியிருந்தேன். அந்த என்47 எஞ்சினில் டைமிங் செயின் பின்பக்கம், கியர்பாக்ஸ் பக்கமாக இருக்கும். தேய்ந்திருந்தால் குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்யும் அந்த இரண்டு மூன்று நொடி கரகரவென்று ஒரு சத்தம். சூடானால் அமுங்கிவிடும். அதை மாற்ற எஞ்சினையோ கியர்பாக்ஸையோ இறக்கியாக வேண்டும்.

அடையாறு வீட்டுக்கு ஏழு மணிக்குப் போனேன். ஓனர் அம்மா காபி கொடுத்தார்கள். ரொம்ப நல்ல மனிதர்கள். பேசிக்கொண்டே பானெட் மேல் கையை வைத்தேன். தோசைக்கல்.

அவரைப் பார்த்தேன், அவர் காபி டம்ளரைப் பார்த்தார். "பையன் ஜிம்முக்குப் போய்ட்டு வந்தான்" என்றார். வாசலில் கோலம் அப்போதுதான் போட்டிருந்தது. அதன் மேல் டயர் தடமே இல்லை.

முகப்பேர் வண்டி பார்க்க மோசம், பம்பர் முழுக்கக் கீறல். அதை எடுக்கச் சொன்னேன். இன்றுவரை ஓடுகிறது. அடையாறு வண்டியை யார் தலையில் கட்டினார்களோ.

அண்ணாநகர் மைதிலி

என் காசு, என் லைசென்ஸ், என் பெயரில் ஆர்சி. டீலரிடம் போனால் அவர் என் கணவரிடம் எஞ்சின் பேசுகிறார், என்னிடம் "மேடம், கலர் ஓகேவா?" என்கிறார். இவர் பாவம், கியர் வண்டியே ஓட்டத் தெரியாது. தலையைத் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார்.

ஆடி ஏ6 2.0 டிடிஐ ஒன்று, பிஎம்டபிள்யூ 520டி ஒன்று. இரண்டும் 2014, இரண்டும் ஒரே விலை. ஏ6-இன் உள்ளலங்காரம் ஒரு படி மேல், மறுக்க மாட்டேன். இரண்டையும் கத்திப்பாரா மேம்பாலத்தில் ஏற்றினேன். 520டி எட்டு கியரையும் சொல்லாமல் கொள்ளாமல் மாற்றிக்கொண்டு ஏறியது. ஏ6-இல் மிதித்ததும் எஞ்சின் ஓங்கிக் கத்தியது, வண்டி சாவகாசமாகப் பின்னால் வந்தது. "இது மல்டிட்ரானிக் கியர்பாக்ஸ்தானே? கியர் படிகளே இல்லாத சிவிடி. எஸ் ட்ரானிக் 2015-இல்தானே வந்தது?" என்று கேட்டேன். டீலர் முதல்முறையாகத் திரும்பி என் முகத்தைப் பார்த்தார். பார்த்துவிட்டு என் கணவரிடம், "சார், மேடம் யூட்யூப் நிறைய பார்ப்பாங்களோ?" என்றார்.

520டி எடுத்தேன், வேறொரு இடத்தில். கியர்பாக்ஸ் ஆயில் ஆயுள் முழுக்க மாற்ற வேண்டாம் என்று சர்வீஸில் சொன்னார்கள். யாருடைய ஆயுள் என்று கேட்டேன். கியர்பாக்ஸ் செய்கிற இசட்எஃப் கம்பெனியே 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள் மாற்று என்கிறது. வெளியே மாற்றிக்கொண்டேன். ஃபில்டரும் அடித்தட்டும் சேர்ந்து ஒரே பிளாஸ்டிக் பீஸ், தனித்தனியாகக் கிடைக்காது. ஷெட்டில் "ஃபில்டர் மட்டும் மாத்திடலாம்" என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

அந்த டீலரைத்தான் மறக்க முடியவில்லை. அன்று திருப்பிப் பதில் சொல்லாமல் வந்துவிட்டேன். ராத்திரி பல் தேய்க்கும்போது எத்தனை பதில் தோன்றியது!

பெரும்பாக்கம் 3வது மாடி

நான் மறுபக்கத்து ஆள். மிக்ஜாமில் என் 320டி பேஸ்மென்ட்டில் கூரைவரை மூழ்கியது. பிஎம்டபிள்யூவில் பேட்டரியே டிக்கியில்தான். மூன்றாம் நாள் கதவைத் திறந்தபோது வந்த நாற்றத்தை எழுத முடியாது. பழுது பார்க்கும் செலவு ஐடிவி-யில், அதாவது பாலிசியில் வண்டிக்குப் போட்ட மதிப்பில், 75 சதவீதத்தைத் தாண்டியதால் டோட்டல் லாஸ். பணம் வந்தது, டோ வண்டி வந்தது, கையெழுத்துப் போட்டேன். பழைய இரும்பாகப் போகும், புதுப்பேட்டையில் பாகம் பாகமாகப் பிரிப்பார்கள் என்று நம்பினேன்.

பதினோரு மாதம் கழித்து மத்திய கைலாஷ் சிக்னலில் பக்கத்தில் ஒரு நீல 320டி. என் நம்பர். பின் கண்ணாடியில் நான் ஒட்டிய வேல் ஸ்டிக்கரைக் கிழித்த தடம், நுனி மட்டும் மிச்சம். உள்ளே இளம் தம்பதி. பின்சீட்டில் குழந்தை கண்ணாடியில் மூக்கை அழுத்தி வைத்திருந்தது. தட்டிச் சொல்லலாம் என்று கையைத் தூக்கினேன். என்ன சொல்வது? "இது என் வண்டி, ஏர்பேக்கின் வயரெல்லாம் மூணு நாள் தண்ணீரில் ஊறியது" என்றா? குழந்தை எனக்கு டாட்டா காட்டியது. நானும் காட்டினேன். பச்சை விழுந்துவிட்டது.

தாத்தா, நத்தை ஓடு சாட்சியில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். எங்கள் பேஸ்மென்ட்டைக் கழுவியபோது நத்தையை முறத்தில் வாரினோம்.

இன்னோவா போதும்

இத்தனை லட்சம், இத்தனை கண்ணீர். பேசாமல் ஒரு இன்னோவா எடுத்துவிட்டுத் தூங்கலாமே.

டீசல் தாத்தா

இன்னோவாவும் அதே வெள்ளத்தில்தான் நின்றது தம்பி. பெரும்பாக்கத்துக்காரர் சொல்வது மனதைக் கலக்குகிறது, ஆனால் முறத்தில் வாரிய நத்தை வேறு, டிக்கிக்குள் ஒன்றே ஒன்று கிடைத்தது வேறு. குமார் சொன்னதை ஒப்புக்கொள்கிறேன், போனஸ் ஓனரோடு போகும். கிளெய்ம் விவரத்தை இன்சூரன்ஸ் கம்பெனியிடமே கேட்டிருக்க வேண்டும் என்று திருத்திக்கொள்கிறேன்.

ஷெட் குமார்

டிக்கி ஓரக்குழிக்குள் களிமண்ணோடு ஓடு இருக்கிறது என்றால் நான் அந்த வண்டியைத் தொட மாட்டேன், ஒன்றோ நூறோ. சீட்டுக்குக் கீழே கம்பி இணைப்புகளின் பிளக்கைக் கழற்றிப் பார்த்திருக்க வேண்டும். பச்சை பூத்திருந்தால் கதை முடிந்தது. ஸ்கேனர் போட்டால் எரர் கோட் எதுவும் இல்லை என்று காட்டுவார்கள், ஏமாறாதீர்கள். அன்று காலையில்தான் அழித்திருப்பார்கள். அழித்த வண்டியில் ரெடினஸ், அதாவது வண்டி தன்னைத்தானே சோதித்துக்கொள்வது, முழுமையாகவில்லை என்று வரும், அதையும் பாருங்கள். நங்கநல்லூர் சார், கண்டென்சர் போனது சின்ன விஷயம். நீங்கள் தப்பித்தவர்.

பள்ளிக்கரணைப் பறவை

கார் எனக்குத் தெரியாது, சதுப்புநிலத்தில் பறவை பார்க்க வருகிறவன். ஓட்டை வைத்தே ஓரளவு சொல்லலாம். நீர் நத்தை வேறு, தோட்டத்து நத்தை வேறு. வடிவம், நிறம், வாய் ஓரம் எல்லாம் மாறும். டிராயரில் இருக்கிறது என்றீர்களே, நல்ல வெளிச்சத்தில் ஒரு படம் போடுங்கள். பூந்தொட்டியா வெள்ளமா என்று தெரிந்துவிடும்.

நங்கநல்லூர்வாசி

குமார், நன்றி. மைதிலி மேடம், அந்தப் பதில்களில் ஒன்றையாவது எழுதியிருக்கலாம்.

பறவை சார், படம் எடுக்கலாம் என்று இப்போதுதான் டிராயரைத் திறந்தேன். மகள் அதை வெந்நீரில் கழுவி, ஊசியால் களிமண்ணைத் தோண்டி எடுத்துவிட்டு, வாய் ஓரம் உட்பட மொத்தத்துக்கும் நெயில் பாலிஷ் அடித்து வைத்திருக்கிறாள். கருஞ்சிவப்பு. மேலே மினுமினுப்பு வேறு. இருந்தாலும் படம் அனுப்புகிறேன், பார்த்துச் சொல்லுங்கள்.