புதுப்பிப்பு: ஸ்டோர் ரூம் இல்லாத வீட்டில் அரிசி வண்டு (தீர்ந்தது)

மூன்று மாதம் முன்பு இங்கே கேட்டிருந்தேன்: ஒரே படுக்கையறை வீடு, ஸ்டோர் ரூம் கிடையாது, 25 கிலோ அரிசியை எங்கே வைத்தாலும் வண்டு வருகிறது, என்ன செய்ய என்று. பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

வேப்பிலை, காய்ந்த மிளகாய் இரண்டும் எனக்குப் பலிக்கவில்லை. கைகொடுத்தது ப்ரீசர் யோசனைதான். அரிசி வண்டு மணியைத் துளைத்து உள்ளேயே முட்டையிட்டு மூடிவிடும். அதனால் நாம் வாங்கும்போதே முட்டையும் கூடவே வந்துவிடுகிறது. டின்னை எவ்வளவு இறுக்கி மூடினாலும் பிரயோஜனமில்லை. இப்போது 5 கிலோ பையாக வாங்கி, நாலு நாள் ப்ரீசரில் வைத்து, பிறகு மூடி இறுகும் எவர்சில்வர் டின்னில் கொட்டிக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடுகிறேன். இரண்டரை மாதமாக ஒரு வண்டு இல்லை. துவரம்பருப்பு டின்னில் மட்டும் ஒரு துண்டு வசம்பு போட்டிருக்கிறேன், அம்மாவின் திருப்திக்கு.

முதல் பையில் ஒரு தப்பு செய்தேன். ப்ரீசரிலிருந்து எடுத்ததும் பிரித்துவிட்டேன். கையை விட்டால் அரிசி விரலில் ஒட்டியது, மேலே முழுக்க வியர்த்திருந்தது. வேட்டியில் பரப்பி ஃபேனுக்கு அடியில் காயவைக்க ஒரு நாள் போயிற்று. பையைப் பிரிக்காமல் ஓர் இரவு வெளியே வைத்துக் குளிர் விட்ட பிறகே திறக்க வேண்டும்.

அப்புறம், டின்னைத் தரையில் நேராக வைக்காதீர்கள். மழை நாளில் அடியில் ஈரம் கோத்திருந்தது. இப்போது கீழே ஒரு பழைய மணை போட்டிருக்கிறேன்.