ஓய்வுக்குப் பிறகு தூர வாகன ஓட்டம்: கிழமைக்கு இரண்டு நாள் மட்டும் கிடைக்குமா?

கல்லடி 61:
வணக்கம். ஊர் மட்டக்களப்பு, வயது 61. திணைக்களச் சாரதியாக இருந்து போன வருடம் ஓய்வு. லைசன்ஸில் இலேசு வாகனம், பார வாகனம் இரண்டும் இருக்கு. பென்ஷன் வருவதால் தினமும் ஓட வேண்டிய கட்டாயம் இல்லை. கிழமைக்கு இரண்டு நாள் எயார்போட், கொழும்பு, கண்டி என்று தூர ஓட்டம் கிடைத்தால் போதும். மற்ற நாட்களில் பேரப்பிள்ளையை டியூஷனுக்கு ஏற்றி இறக்கும் வேலை இருக்கு, அதை விட முடியாது. ஓய்வு பெறும்போது மொத்தமாக வந்த காசில் பழைய கேடிஎச் வான் ஒன்று எடுக்கலாமா, அல்லது ஆக்களின் வாகனத்தை ஓடுவது நல்லதா? சீனி வருத்தத்துக்கு மாத்திரை எடுக்கிறேன் என்பதையும் சொல்லி வைக்கிறேன்.

வாழைச்சேனைச் சந்தி:
வான் எடுக்கிற யோசனையை விடுங்க அண்ணன். கிழமைக்கு இரண்டு நாள் ஓடி ஒரு வானைக் காப்பாற்ற ஏலாது. இன்சூரன்ஸ், டயர், பற்றரி எல்லாம் ஓடினாலும் நின்றாலும் செலவுதான். லீசிங்கும் சேர்ந்தால் மாதக் கட்டணத்துக்குப் பயந்து வருகிற ஹயர் (வாடகை ஓட்டம்) எல்லாத்தையும் எடுப்பீங்க, பேரப்பிள்ளையை ஏற்ற ஆள் இருக்காது. கணக்கைப் பாருங்க: மட்டக்களப்பிலிருந்து கட்டுநாயக்க போய்வர சுமார் 600 கிலோமீற்றர். கேடிஎச் ஆள், சாமான், ஏசியோடு லீற்றருக்கு 10 கொடுத்தால் 60 லீற்றர் டீசல். திரும்பி வரும்போது வான் வெறுமையாக வந்தால் அந்த டீசலில் பாதிக்கு வருமானமே இல்லை.

உங்களைப் போன்ற ஆளுக்குத் தோதான வேலை வேறு. ஊரில் எத்தனையோ வீட்டில் கார் நிற்கும், மகன்மார் வெளிநாட்டில் இருப்பாங்க, கொழும்புக்கு ஓட ஆள் இருக்காது. மகரகம கிளினிக், கண்டி ஆஸ்பத்திரி, பத்தரமுல்லை பாஸ்போட் கந்தோர் என்று மாதத்துக்கு ஒரு தடவையாவது போவாங்க. கிளினிக் திகதி முன்கூட்டியே தெரியும், அதனால் உங்கட மற்ற வேலைகளை ஒதுக்கி வைக்கலாம். போகிறவரும் வயசாளி, 90 இல் பறக்கச் சொல்ல மாட்டார். இப்படி நாலு குடும்பம் இருந்தால் உங்கள் மாதம் நிரம்பும்.

அடுத்தது வான் வைத்திருப்பவர்களின் மாற்று ட்ரைவர். நீண்ட விடுமுறை, கதிர்காமக் கொடியேற்றம், காத்தான்குடி, ஏறாவூர் பக்கம் உம்ரா குழுக்கள் கிளம்புகிற நாட்களில் அவங்களுக்கு ஆள் போதாது. "செவ்வாயும் வெள்ளியும் மட்டும்தான்" என்று முதல் நாளே சொல்லிப் போடுங்க. ஒரு தடவை திங்கள் போனால் பிறகு எல்லாத் திங்களும் போன் வரும்.

மூன்றாவது, 2025 பெப்ரவரியில் வாகன இறக்குமதி திறந்த பிறகு வந்த வேலை: அம்பாந்தோட்டைத் துறைமுகத்திலிருந்தோ கொழும்பிலிருந்தோ வாகனத்தை ஊருக்கு ஓட்டிக் கொண்டு வருவது. போகும்போது பஸ், வரும்போது புது வாகனம். நல்ல வேலை. ஆனால் பதியாத வாகனத்துக்குக் கராஜ் நம்பரும் (விற்பவர் தருகிற தற்காலிக இலக்கத் தகடு) இன்சூரன்ஸ் கடிதமும் கையில் இல்லாமல் திறப்பை வாங்காதீங்க. "வழியில பிடிச்சா போன் எடுங்க" என்பார்கள். பிடித்தால் நிற்பது நீங்க.

திமிலைதீவு:
மேலே சொன்னதோடு லைசன்ஸ் விசயம் ஒன்று. அட்டையின் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள், ஒவ்வொரு வகுப்புக்கும் தனித்தனி முடிவுத் திகதி இருக்கும். இலேசு வகுப்பு எட்டு வருடம், பாரம் நான்கு. "லைசன்ஸ் இன்னும் இருக்கு" என்று நினைத்துக்கொண்டே பார வகுப்பு முடிந்துபோன ஆட்கள் நிறையப் பேர்.

இலேசு வாகனத்துக்கான பீ (B) வகுப்பில் சாரதியோடு சேர்த்து ஒன்பது இருக்கை வரைதான் ஓடலாம். அதற்கு மேல் என்றால் டீ1 (D1) வகுப்பு வேண்டும். வானைப் பார்த்து முடிவெடுக்காமல் பதிவுப் புத்தகத்தில் இருக்கை எண்ணிக்கை என்ன போட்டிருக்கு என்று பாருங்கள். ஒரே கேடிஎச் 9 ஆகவும் இருக்கும், 14 ஆகவும் இருக்கும்.

இன்சூரன்ஸில்தான் அதிகம் பேர் மாட்டுவது. பொலிசியில் பாவனை என்ற இடத்தில் "தனிப்பட்ட" என்று இருந்தால், காசு வாங்கி ஆள் ஏற்றிய ஓட்டத்தில் அடிபட்டால் கம்பனி கையை விரிக்கும். ஹயருக்கென்று எடுத்த பொலிசி வேறு, ட்ரைவர் இல்லாமல் வாடகைக்குக் கொடுக்கிற பொலிசியும் வேறு. குடும்பக் காரில் அந்தக் குடும்பத்தையே ஏற்றிக்கொண்டு, அவர்கள் உங்களுக்குச் சம்பளம் தந்தால் அது ஹயர் ஆகாது. முந்தின பதிவில் சொன்ன முதல் வேலை பாதுகாப்பு என்பதற்கு இதுவும் ஒரு காரணம். ஆனாலும் சொந்தக்காரரைக் கொண்டு கம்பனிக்கு அழைப்பெடுத்து, "61 வயது ட்ரைவர் ஓடுவார், ஏதும் நிபந்தனை இருக்கா" என்று கேட்க வைப்பது நல்லது.

கிளம்ப முன் பேசி முடிக்க வேண்டியவை: எரிபொருள், பார்க்கிங், அதிவேகப் பாதைக் கட்டணம், சாப்பாடு, இரவு தங்கும் அறை யார் கணக்கு? ஒரு நாள் என்பது 24 மணித்தியாலமா, நள்ளிரவு தாண்டினால் இரண்டு நாளா? தண்டம் வந்தால் வேகத்துக்கு நீங்கள், வரிப் பத்திரம், புகைச் சான்றிதழுக்கு அவர். (நாள் படியைப் பட்டா என்று சொல்லிக் கேட்காதீர்கள். ஊரில் பட்டா என்றால் குட்டி லொறிதான், இரண்டு பேரும் வேறு வேறு கணக்குப் பேசிக்கொண்டிருப்பீர்கள்.)

தண்டப் பத்திரம் பற்றி. லைசன்ஸை எடுத்துக்கொண்டு தற்காலிகப் பத்திரம் தந்தால் 14 நாளுக்குள் தபாற்கந்தோரில் கட்டி, அந்தப் பொலிஸ் நிலையத்துக்கே போய் எடுக்க வேண்டும். கலேவெலவில் பிடித்தால் கலேவெலவுக்கே. 2025 இல் தொடங்கிய கவ்பே (GovPay, அரசாங்கத்துக்கு இணையத்தில் காசு கட்டுகிற) முறையில் அதே இடத்தில் நின்று போன் மூலம் கட்டலாம், லைசன்ஸ் கையோடு வரும். வங்கி ஆப் போனில் இருக்கட்டும்.

புணானை வழி:
வேலை எது என்றாலும் சரி, ஒரு நிபந்தனை வைத்துக்கொள்ளுங்க ஐயா: அன்றிரவே திரும்புகிறதில்லை. எயார்போட் ஹயரில் பயப்பட வேண்டியது திரும்புகிற வழிக்குத்தான். ஆளை இறக்கியாச்சு, வண்டியில் சத்தமில்லை, மணி இரண்டு, மூன்று. கண் திறந்திருக்கும், மூளை தூங்கும்.

இரவு 2 மணி விமானம் என்று வையுங்க. மூன்று மணித்தியாலம் முந்தி நிற்க வேண்டும், அதாவது 11. மட்டக்களப்பில் பகல் 1.30 க்கு எடுங்க. பொலன்னறுவை 3.30, ஹபரணை 4.30. மின்னேரியா வெளிச்சத்தில் கழிந்துவிடும், அதுதான் கணக்கு. தம்புள்ளையில் தேத்தண்ணி, குருநாகல் 6.30. அங்கிருந்து நாரம்மல, கிரியுல்ல, மினுவாங்கொட வழியாகப் போனால் கொழும்பு நெரிசலைத் தொடாமல் 9 மணிக்குள் கட்டுநாயக்க. இரண்டு மணித்தியாலம் மிச்சம், டயர் போனாலும் விமானம் போகாது. சாமத்தில் அறை எடுத்துப் படுங்க. காலை ஆறுக்கு எடுத்தால் பகல் சாப்பாடு தாண்டி வீடு.

ஆளை ஏற்றி வருவது என்றால் விமானம் இறங்கி அவர் வெளியே வர ஒரு மணித்தியாலம், சில வேளை ஒன்றரை. இறங்கும் நேரத்துக்கே உள்ளே போய் நின்றால் பார்க்கிங் காசுதான் ஏறும். வெளியே நின்று, அவர் பெட்டி எடுத்ததும் அழைக்கச் சொல்லுங்க.

இரவில் தவிர்க்க வேண்டிய துண்டுகள் இரண்டு: புணானையிலிருந்து வெலிக்கந்தை தாண்டி மன்னம்பிட்டி வரை, பிறகு மின்னேரியாவிலிருந்து ஹபரணை வரை. யானை லைற்றில் மின்னாது. அதன் கண் உங்கள் லைற்றை விட உயரத்தில் இருக்கும், உடம்பு இருட்டோடு இருட்டு. றோட்டு திடீரென்று கறுப்பாகத் தெரிந்தால் அது றோட்டு இல்லை. தூரத்திலேயே நிறுத்தி, லைற்றைக் குறைத்து, ஹோர்ன் அடிக்காமல் காத்திருங்க. வாழைச்சேனை பக்கம் வந்தால் எருமையும் மாடும், சூட்டுக்காகத் தார் மேலேயே படுத்திருக்கும். அறுவடை நாட்களில் பின் லைற் இல்லாத உழவு மெசின்.

மாரியில், நவம்பர் முதல் ஜனவரி வரை, மன்னம்பிட்டிப் பக்கம் மகாவலி பெருகினால் பாதை மூடும். அப்போது செங்கலடி, மகாஓயா, மகியங்கனை, கண்டி. அந்தப் பாதையில் மண்சரிவு இருக்கா என்று அன்று காலையே விசாரிச்சுத்தான் எடுக்கணும். பதினெட்டு வளைவில் இறங்கும்போது பிறேக்கை மிதித்துக்கொண்டே வராதீங்க. எண்ணெய் சூடேறிக் கொதித்தால் பெடல் பஞ்சு போல் உள்ளே போகும். ஏறும்போது எந்தக் கியரோ இறங்கும்போதும் அந்தக் கியர். ஹைபிரிட் என்றால் கியரை 'B' யில் (எஞ்சின் பிறேக், 'P' இல்லை) போடுங்க. கருகிய மணம் வந்தால் ஓரத்தில் நிறுத்தி, சில்லுக்குத் தண்ணி ஊற்றாமல் அரை மணித்தியாலம் ஆறவிடுங்க.

கல்லடி 61:
எல்லாருக்கும் நன்றி. வான் யோசனையைக் கைவிட்டாச்சு. சீனி மாத்திரை பற்றி யாரும் சொல்லவில்லையே? இன்னொன்று, எதிரே வருகிற லொறி லைற்றைச் சுற்றி வட்டம் வட்டமாகத் தெரியுது. எல்.ஈ.டி. லைற் என்றபடியாலா?

செங்கலடி மருந்தகம்:
லைற்றைக் குற்றம் சொல்லாதீங்க. வட்டம் தெரிந்தால் கண்புரைக்குப் பார்க்க வேண்டும். பகலில் எழுத்துப் பலகை முழுதும் வாசிப்பவருக்கும் இரவில் புரை காட்டும். கண் வைத்தியரைப் பார்க்கும் வரை பகல் ஓட்டம் மட்டும். போக முன் ஒரு சோதனை: முன் கண்ணாடியின் உட்பக்கத்தை வெள்ளைத் துணியால் துடையுங்கள். துணியில் எண்ணெய்ப் படலம் வந்தால் பாதி வட்டம் அங்கேதான் இருந்தது. மிச்சம் கண்ணில்.

மாத்திரை என்ன பெயர் என்பதுதான் முக்கியம். மெற்போமின் மட்டும் என்றால் சீனி கீழே விழுவது அரிது. கிளிக்கிளசைட், ரொல்பியூட்டமைட், கிளிபென்கிளமைட், அல்லது இன்சுலின் ஊசி என்றால் சாப்பாடு பிந்தினால் விழும். சிலருக்குக் கைநடுக்கம், வியர்வை வரும் முன்பே முடிவெடுக்கிற வேகம் குறையலாம், ஓடுபவருக்கே தெரியாமல் போகலாம். கிளம்ப முன் விரலில் குத்தி மீட்டரில் சீனியைப் பாருங்கள், 90 (mg/dL) க்குக் கீழே என்றால் சாப்பிடாமல் திறப்பைத் தொடாதீர்கள். வழியிலும் இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருதடவை பாருங்கள். குளுக்கோஸ் பக்கற்றை டிக்கியில் வைக்காமல் கைக்கு எட்டுகிற கதவுப் பையில் வையுங்கள். சீனி விழுந்தால் வாகனத்தை நிறுத்தி, குளுக்கோஸ் எடுத்து, மீட்டரில் சரியான பிறகும் முக்கால் மணித்தியாலம் ஓடாதீர்கள்.

தடிமனுக்குப் பிரிட்டன் (Piriton, தூக்கம் வரவைக்கிற மாத்திரை) போட்டுவிட்டு ஓடுகிறவர்களைத்தான் இங்கே அதிகம் பார்ப்பது. இரவு போட்டால் காலையிலும் மந்தம் இருக்கும். பிரஷருக்குத் தண்ணி போகிற மாத்திரை என்றால் நேரத்தை வைத்தியரிடம் கேட்டு மாற்றுங்கள், தானாக நிறுத்த வேண்டாம்.

அக்கரைப்பற்று தெற்கு:
காக்கா, மட்டக்களப்போட நிக்காம எங்கட பக்கமும் பாருங்க. அறுகம்பை சீசன் ஏப்ரல் தொடக்கம் ஒக்டோபர், ஜூலை ஓகஸ்டில உச்சம். பாசிக்குடாவும் கிட்டத்தட்ட அதே மாதங்கள். ஆறு மாதம் ஓடி, மாரிக்கு வீட்டில இருக்கிற வேலை, ஓய்வு பெற்ற ஆளுக்கு இதைவிடத் தோது இல்ல.

அறுகம்பையில இருந்து எயார்போட்டுக்குப் பழைய ஆக்கள் இன்னும் இரத்தினபுரி வழியா இறங்குறாங்க. இப்ப பொத்துவில், சியம்பலாண்டுவ, மொனராகலை, வெல்லவாய, தனமல்வில, அம்பாந்தோட்டை போய் அதிவேகப் பாதையில ஏறினா, கொட்டாவயில சுற்றுவட்டப் பாதைக்குத் திரும்பி கெரவலப்பிட்டிய, கட்டுநாயக்க வரைக்கும் ஊர் றோட்டே இல்ல. தூரம் கூட, ஆனா வளைவு, பஸ் போட்டி ஒன்றும் இல்ல. லாகுகலையில மட்டும் அந்தி சாயுற நேரம் நிக்கக் கூடாது, யானை வார இடம்.

வெள்ளைக்காரர ஏத்துறதெண்டா சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபையின்ட அனுமதி எடுங்க. பயணத்தில விளக்கம் சொல்லுற வேலை வேற, அதுக்கு வழிகாட்டி லைசன்ஸ் வேணும். ஓடுறது மட்டும் உங்கட வேலை எண்டு ஏஜன்சியிட்ட தெளிவாச் சொல்லுங்க.

அதிவேகப் பாதையில 100 இல ஒரு மணித்தியாலத்துக்கு மேல ஒரே வேகத்தில ஓடுவீங்க. ஊருக்குள்ள 50 இல தாங்கின டயர் அங்க தாங்காது. ஆக்களின்ட வாகனத்த எடுக்க முதல் டயரின்ட பக்கத்தில நீள்வட்டத்துக்குள்ள இருக்கிற நாலு இலக்கத்தப் பாருங்க.

கல்லடி 61:
அந்த நாலு இலக்கத்தை எப்படி வாசிப்பது? வெள்ளிக்கிழமை பார்க்கப் போகிற காரில் 3117 என்று படத்தில் தெரியுது. டயர் பட்டன் (றோட்டில் படுகிற பக்கத்து வரி) நல்லாத்தான் இருக்கு.

அக்கரைப்பற்று தெற்கு:
முதல் இரண்டும் கிழமை, கடைசி இரண்டும் வருசம். 2017 ஆம் ஆண்டு 31 ஆம் கிழமை செய்த டயர். பட்டன் இருக்கும் காக்கா, நிண்ட கார் தானே. றப்பர்தான் காஞ்சிரிக்கும். பக்கச் சுவர நகத்தால அமத்திப் பாருங்க, மயிர் வெடிப்பு தெரியும். ஸ்பெயாரையும் இறக்கிப் பாருங்க, அது இன்னும் பழசா இரிக்கும். நாலையும் மாத்தித் தந்தா கொழும்பு, இல்லாட்டி கல்முனை வரைக்கும்தான் எண்டு சொல்லுங்க.