எருசலேம் என்றால் ‘சமாதான நகரம்’தானா?

சீயோன்வாசல்:
எருசலேம் என்றால் சமாதான நகரம். எபிரெயத்தில் ‘ஈர்’ நகரம், ‘ஷாலோம்’ சமாதானம். ஆதியாகமம் 14:18ல் மெல்கிசேதேக்கு சாலேமின் ராஜா. எபிரெயர் 7:2 அதற்குச் ‘சமாதானத்தின் ராஜா’ என்று அர்த்தமும் சொல்லிவிட்டது. வேதமே சொன்னபிறகு வேறு மூலம் எதற்குத் தேட வேண்டும்?

வேர்தேடி:
பிரதர், எபிரெயர் 7:2 அர்த்தம் சொல்வது ‘சாலேம்’ என்ற சொல்லுக்கு. சிக்கல் அதில் இல்லை, முன்பாதியில் இருக்கிறது. நகரம் என்னும் ‘ஈர்’ என்ற சொல்லின் எபிரெய எழுத்துகள் அயின், யோத், ரேஷ். எருசலேம் தொடங்குவது யோத், ரேஷ், வாவ் என்று. அயின் எங்கே போனது? அது தொண்டையடியில் பிறக்கும் முழு மெய். சொல்லின் முதலில் நிற்கும்போது சும்மா உதிர்ந்துவிடாது.

தமிழ் வேதாகமத்தை மட்டும் பார்த்தால் இது கண்ணில் படவே படாது. எருசலேமின் ‘எ’ யோத், எபிரோனின் ‘எ’ ஹேத், என்கேதியின் ‘எ’ அயின். நமக்கு மூன்றும் ஒரே எழுத்து! ஊர்ப்பெயரைப் பிரிக்கும் முன் மூலத்தின் மெய்யெழுத்துகளை வரிசையாக எழுதிப் பாருங்கள். பாதித் தவறு அங்கேயே நின்றுவிடும்.

சீயோன்வாசல்:
சரி, ‘ஈர்’ இல்லை என்றே வைத்துக்கொள்வோம். ‘யெரு’ என்பது பிறகு என்ன?

வேர்தேடி:
‘யாரா’ என்ற வினை. எறிதல், இடுதல். யோபு 38:6ல் ‘கோடிக்கல்லை வைத்தவர் யார்’ என்ற இடத்தில் வருவது இதே வினைதான். 2 நாளாகமம் 20:16ல் யெருவேல் வனாந்தரம் வருகிறதே, அது யெரு + ஏல் (தெய்வம்), ‘ஏல் நிலைநாட்டியது’. எருசலேமும் அதே வார்ப்பு. பின்பாதியில் நிற்பது தெய்வப் பெயர்: ஷாலேம், கானானியரின் அந்திவேளைத் தெய்வம். சிரியக் கடற்கரையின் பழைய நகரமான உகரித்தின் களிமண் பலகைகளில் விடியலின் ஷாஹாரோடு சேர்ந்து பிறப்பவன். ஆக, ‘ஷாலேமின் அஸ்திபாரம்’.

களிமண்பலகை:
எகிப்தின் அமர்னாவில் கிடைத்த களிமண் கடிதங்களை, அமர்னா மடல்களை, விட்டுவிட்டீர்கள். கி.மு. 14ஆம் நூற்றாண்டில் அந்த ஊர்த் தலைவன் அப்தி-ஹெபா எகிப்துக்கு எழுதியவற்றில் ‘உருசலிம்’ என்றே இருக்கிறது. சுமேரியத்தில் ‘உரு’ நகரம்தான். நம் ‘ஊர்’கூட நினைவுக்கு வருகிறது.

வேர்தேடி:
அந்த வரியை ஒவ்வொரு குறியாகப் பாருங்கள். முதலில் ‘நகரம்’ என்னும் சுமேரியக் குறி தனியாக நிற்கிறது. அது வாசிப்பதற்கல்ல, அடுத்து வருவது ஊர்ப்பெயர் என்று காட்டும் அடையாளம். அதன்பிறகுதான் உ-ரு-சா-லிம் என்று அசை அசையாகப் பெயர். அந்த ‘உரு’வும் நகரம் என்றால் அடையாளமே வேண்டியதில்லை. நம் ‘ஊர்’ வெறும் ஒலி ஒற்றுமை.

சீயோன்வாசல்:
தேவனுடைய நகரத்துக்குப் புறதெய்வத்தின் பெயரா? மனம் ஒப்பவில்லை. மேலும் எபிரெயர் வாசிப்பது ‘யெருஷாலயிம்’ என்று. ‘அயிம்’ இருமை விகுதி. மேல்நகரம், கீழ்நகரம் என்று இரண்டைக் குறிக்கிறது. உங்கள் தெய்வம் அதில் எங்கே?

வேர்தேடி:
இருமை பிற்கால வாசிப்பு. எபிரெய வேதத்தில் இப்பெயர் 600 தடவைக்கு மேல் வருகிறது. கடைசி எழுத்தான மேமுக்கு முன் யோத் எழுதியிருப்பது எரேமியா 26:18, எஸ்தர் 2:6, 1 நாளாகமம் 3:5, 2 நாளாகமம் 25:1, 32:9 ஆகிய 5 இடங்களில் மட்டும். மற்ற இடங்களில், மெய்யெழுத்தால் எழுதிய மூலத்துக்குப் பிற்காலத்தில் உயிர்க்குறி இட்டவர்கள்தான் ‘அயிம்’ என்று வாசிக்கவைத்தார்கள். ரோமருக்கு எதிரான யூதரின் முதல் கிளர்ச்சியின் வெள்ளி நாணயங்களிலும் இதைக் காணலாம்: முதலாம் ஆண்டுக் காசில் யோத் இல்லை, இரண்டாம் ஆண்டுக் காசில் இருக்கிறது.

மனம் ஒப்பாததைப் பற்றி: பெயர் தாவீதுக்கு முந்தியது. யோசுவா 10:1லேயே அதோனிசேதேக் எருசலேமின் ராஜா. உடன்படிக்கைப் பெட்டி வந்து நின்ற பெத்ஷிமேஸ்கூட ‘சூரியனின் வீடு’தான். இஸ்ரவேலர் அந்தப் பெயரை மாற்றாமலே குடியிருந்தார்கள்.

ஒன்றை மட்டும் விட்டுக்கொடுக்கிறேன். ஷாலேம், ஷாலோம் இரண்டுக்கும் ஷின், லாமெத், மேம் என்ற ஒரே வேர். நிறைவு என்பது அதன் அடிப்பொருள். அந்தி, பகல் நிறைவாகும் நேரம். ஆகவே எபிரெயர் 7:2 வேரை விட்டு விலகவில்லை. ‘நகரம்’ என்ற பாதியைத்தான் நீக்கச் சொல்கிறேன்.

சீயோன்வாசல்:
நகரத்தை நீக்கிக்கொள்கிறேன். ஆனால் ஆதியாகமம் 33:18ல் யாக்கோபு ‘சாலேம் என்னும்’ பட்டணத்துக்கு வந்தான் என்று நம் மொழிபெயர்ப்பு சொல்கிறது. அதே சொல்லைச் சிலர் ‘சுகமாய் வந்தான்’ என்று பெயர்க்கிறார்கள். அங்கே ஊரா, நிறைவா?

வேர்தேடி:
என் வாசிப்பில் நிறைவு. ஆதியாகமம் 28:21ல் ‘தகப்பன் வீட்டுக்குச் சமாதானத்தோடே திரும்பிவந்தால்’ என்று அவன் பண்ணிய பொருத்தனையில் இருப்பதும் இதே வேர்.

களிமண்பலகை:
அங்கே நான் ஊர் பக்கம். அந்த வசனத்தில் யாக்கோபு வந்துசேரும் சீகேமுக்குக் கிழக்கே சாலிம் என்ற கிராமம் இன்றும் இருக்கிறது.