களத்தில் கேட்வே: தாங்கியவையும் தாங்காதவையும்

ஈரோடு, நீரேற்று நிலையப் பராமரிப்பு

கேட்வே என்பது களக் கருவிகளின் அளவுகளை வாங்கி, சிம் வழியே சர்வருக்கு அனுப்பும் பெட்டி. எங்களுடையது மைனஸ் 40 முதல் 70 டிகிரி வரை தாங்கும் என்று அச்சிட்டது. தாங்கியது, குறை சொல்ல முடியாது. ஆனால் மோட்டார் ஓடத் தொடங்கினால், நீரோட்டத்தை அளக்கும் ஓட்டமானியின் அளவு காணாமல் போகும். நின்றதும் திரும்பி வரும். ஒப்பந்ததாரர் சிம்மை மாற்றினார், ஆண்டெனாவை உயர்த்தினார். கோளாறோ கேட்வேக்கு இந்தப் பக்கம், கருவியின் வயரில் இருந்தது. ஓட்டமானியிலிருந்து அளவைக் கொண்டுவரும் ஆர்.எஸ்.485 என்ற தகவல் வயர், மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் டிரைவிலிருந்து மோட்டாருக்குப் போகும் பவர் கேபிளோடு ஒரே டிரேயில் ஒட்டிக் கிடந்தது. டிரைவின் மின்னிரைச்சல் அப்படியே அதில் ஏறியிருக்கிறது. ஷீல்டு, அதாவது மின்னிரைச்சலைத் தடுக்கும் உலோக உறை, உள்ள முறுக்கு வயரைத் தனிக் குழாயில் இழுத்து, ஷீல்டை ஒரு முனையில் மட்டும் எர்த் செய்து, லைனின் இரு கோடியிலும் 120 ஓம் ரெசிஸ்டர் வைத்தோம். அளவு நின்று வருகிறது. 485 லைன் 1,200 மீட்டர் போகும் என்பார்கள். பவர் கேபிளுக்குப் பக்கத்தில் இழுத்தால் 20 மீட்டரே பாடாய்ப்படுத்திவிடும்.

வேலூர், பேனல் தயாரிப்பு

மேலே நண்பர் சொன்ன 70 டிகிரி, கருவியைச் சுற்றியுள்ள காற்றுக்கான கணக்கு. கத்திரி வெயிலில் மூடிய இரும்புப் பேனலுக்குள் இருக்கும் காற்று, வெளிவெயிலைவிட வெகுவாகச் சூடேறும். கேட்வே பிழைத்துக்கொள்ளும், பக்கத்தில் இருக்கும் மலிவான பவர் சப்ளையும் பேட்டரியும்தான் முதலில் போகும். ஆண்டெனாவையும் அதே இரும்புப் பெட்டிக்குள் பூட்டிவிட்டு, சிக்னல் இல்லை என்று போன் செய்தவர்களும் உண்டு!

நாகர்கோவில், காற்றாலைப் பணி

முப்பந்தல் பக்கம் ஆடிக் காற்றில் உற்பத்தி உச்சத்தில் இருக்கும்போதுதான் 4ஜி இணைப்பு அறுந்து போகும். அதனால் இணைப்பு இல்லாத நேரத்து அளவுகளைத் தன்னிடமே சேர்த்துவைத்துப் பிறகு அனுப்பும் கேட்வேயைத்தான் கேட்டு வாங்கினோம். அனுப்பவும் செய்தது. ஒருமுறை மின்சாரமும் போய் வந்தபின் பார்த்தால், சேர்த்துவைத்த அளவுகள் எல்லாம் 1970 ஜனவரி 1, காலை 5.30 மணிக்குப் பதிவானதாகச் சர்வரில் வந்து உட்கார்ந்திருந்தன. உள்ளே கடிகார பேட்டரி செத்துவிட்டது. கணினிகள் நேரத்தை எண்ணும் யுனிக்ஸ் கணக்கு 1970 ஜனவரி 1இல்தான் தொடங்குகிறது; நேரம் அந்தத் தொடக்கத்துக்கே போய்விட்டது. 5.30 என்பது உலகப் பொது நேரத்திலிருந்து நம் நாட்டு நேரத்துக்கு உள்ள வித்தியாசம். இப்போது நேரம் சரியான பிறகே பதிவைத் தொடங்கும்படி அமைத்திருக்கிறோம். வாங்குவதற்கு முன் இந்த ஒன்றைக் கட்டாயம் சோதியுங்கள்: இணைப்பைத் துண்டித்து, மின்சாரத்தையும் நிறுத்தி, மீண்டும் கொடுத்துப் பாருங்கள். விற்பனையாளர் முகத்திலேயே பதில் தெரிந்துவிடும்.

திருப்பூர், சுத்திகரிப்பு நிலையம்

வெளியிலிருந்து கேட்வேக்குள் நுழைய முடியவில்லை என்று பலர் கேட்கிறார்கள். சாதாரண சிம்முக்குப் பெரும்பாலும் பொது ஐ.பி. முகவரி, அதாவது இணையத்தில் வெளியிலிருந்து நேரே அணுகக்கூடிய முகவரி, கிடைக்காது. கேட்வேயே சர்வரை அழைக்கும்படி எம்.க்யூ.டி.டி. என்ற செய்தி அனுப்பும் முறையில் அமைத்துவிடுங்கள். 1999இல் எண்ணெய்க் குழாய்களைச் செயற்கைக்கோள் வழியே கண்காணிக்க உருவானது அது. மெதுவான இணைப்பு அதற்குப் பழக்கம்.

இன்னொன்று, எங்கள் சிம்மையே ஒருவர் கழற்றிப் போனில் போட்டுப் படம் பார்த்திருக்கிறார். மாதத்துக்குரிய டேட்டா ஒரே இரவில் தீர்ந்த பிறகுதான் தெரிந்தது. இப்போது 13 இலக்க எண் கொண்ட, கருவிகளுக்கென்றே தரப்படும் இயந்திர சிம்மை வாங்கி, அந்தக் கருவியில் மட்டுமே வேலை செய்யும்படி பூட்டி வைத்திருக்கிறோம்.