தாகூர் வரைந்த படங்களின் பிரதிகளைப் பள்ளிக்கூடத்தில் மாட்டலாமா?

குடியாத்தம் டிராயிங் டீச்சர்:
வணக்கம். எங்கள் பள்ளிப் பிள்ளைகளுக்குத் தாகூர் என்றால் தேசிய கீதமும் தாடியும்தான். பாட்டு எழுதி, மெட்டுப் போட்டு, தானே பாடியவர் அறுபது வயதுக்கு மேல் உட்கார்ந்து 2,000க்கும் அதிகமான படங்கள் வரைந்தார் என்றால் நம்ப மாட்டேன் என்கிறார்கள். முப்பது படங்களைப் பிரிண்ட் எடுத்து ஹாலில் இரண்டு நாள் கண்காட்சி வைக்க ஆசை. யாரிடமாவது அனுமதி வாங்க வேண்டுமா? ஃபிளெக்ஸில் அடிக்கலாமா? ஒவ்வொரு படத்துக்கும் ஒரு தலைப்பு எழுதி ஒட்டவும் யோசனை.

காட்பாடிக்காரன்:
அனுமதி தேவையில்லை டீச்சர். அவர் இறந்தது 1941இல். ஐம்பது வருடக் காப்புரிமை முடிகிற நேரத்தில், அவருக்காகவே 1992இல் சட்டத்தைத் திருத்தி அறுபது வருடமாக்கினார்கள், அதுவும் 2001 டிசம்பரோடு முடிந்துவிட்டது. தாகூர் படப் புத்தகங்களில் மற்றவர்கள் எழுதிய கட்டுரையை மட்டும் அப்படியே எடுத்துப் போடாதீர்கள். ஃபிளெக்ஸ் வேண்டவே வேண்டாம். மையைப் பேனாவால், துணியால், விரலால்கூடத் தேய்த்து வரைந்த படங்கள் அவை, டியூப்லைட் வெளிச்சத்தில் ஃபிளெக்ஸ் பளபளத்தால் அந்த இருட்டு நிறங்கள் ஒன்றும் தெரியாது. மினுமினுப்பு இல்லாத கெட்டித்தாளில் எடுங்கள், இருபது படம் போதும்.

பாலாற்றங்கரை:
தலைப்பு எழுதாதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன். அவரே தன் படங்களுக்குப் பெயர் வைக்க மறுத்தவர். அவர் வரைந்த பெண் முகங்களைப் பார்த்து இது அத்தையா, பக்கத்து வீட்டு அக்காவா என்று பிள்ளைகளே சொல்லட்டும். ஆனால் அவருடைய ‘பூரபி’ கவிதைத் தொகுப்பின் கையெழுத்துப் பிரதியில் ஒரு பக்கமாவது கட்டாயம் வையுங்கள். கவிதையில் பிடிக்காத சொல்லை அடித்திருப்பார், அடித்த கோடுகளை ஒன்றோடொன்று இழுத்துச் சேர்த்திருப்பார், பார்த்தால் அது அலகும் கழுத்துமாக ஏதோ ஒரு பிராணியாக எழுந்து நிற்கும். 1924இல் அர்ஜென்டினாவில் தங்கியிருந்தபோது அந்த நாட்டு எழுத்தாளர் விக்டோரியா ஒகாம்போ அந்த நோட்டைப் பார்த்து அசந்துபோனார், 1930இல் பாரிஸில் தாகூருடைய முதல் ஓவியக் கண்காட்சி நடக்கக் காரணமும் அந்த அம்மாதான்.

குடியாத்தம் டிராயிங் டீச்சர்:
இதைப் படித்ததும் என் ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் ஞாபகம் வந்தது. ஒரு கோடு தப்பினால் தாளைக் கிழித்துவிடுவான், வருடக் கடைசியில் அவன் நோட்டில் அட்டைதான் மிஞ்சும். சரி, தலைப்பு கிடையாது.

புங்கனூர் ரோடு:
இன்னொன்றும் சொல்லுங்கள் டீச்சர். 1919 பிப்ரவரியில் தாகூர் ஆந்திராவில் இருக்கிற மதனப்பள்ளி பெசன்ட் கல்லூரியில் தங்கி ‘ஜன கண மன’வை அங்கேயே பாடி, ஆங்கிலத்திலும் எழுதிக் கொடுத்தார். இசை தெரிந்த அயர்லாந்துப் பெண்மணி மார்கரெட் கசின்ஸ் அதற்கு ஸ்வரக்குறிப்பு எழுதினார். குடியாத்தத்திலிருந்து பலமநேர், புங்கனூர் வழியாகப் போனால் வருகிற அதே மதனப்பள்ளிதான். பிள்ளைகளுக்கு அந்தப் பஸ் தெரியும்.

குடியாத்தம் டிராயிங் டீச்சர்:
இது எனக்கே தெரியாது! எல்லோருக்கும் நன்றி. அடித்தல் திருத்தலோடு இருக்கிற அந்தப் பக்கத்தைத்தான் வாசலில் முதலில் மாட்டப் போகிறேன், மாட்டுகிற வேலையை அந்தப் பையனிடமே கொடுக்கிறேன்.